வெளியிணைப்பு எஞ்சினில் பற்றரித் தீப்பொறி: பழுது காணும் முறை

பயிர்ச்செய்கை பற்றிய துண்டுப்பிரசுர வரிசையிற் படகெஞ்சினுக்கு என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். கிளிவெட்டியின் நிலவமைப்பை அறிந்தவர் அவ்வாறு வினவமாட்டார். மகாவலி கங்கை கடலை அணுகும்போது கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை மூதூருக்கு அணித்தாகக் கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. மற்றொன்று வெருகலாறு என்னும் பெயருடன் வெருகலருகே கடலை அடைகின்றது. இவற்றுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்திலேயே கிளிவெட்டியும் அதன் அயலூர்களும் அமைந்துள்ளன. இங்குள்ள வயல்களில் நெல் விளைய நீர் கொடுப்பதும் மகாவலியே. வடகீழ்ப் பருவமழை மிகுந்த ஆண்டுகளில் வயலையும் வீதியையும் ஒருங்கே மூடுவதும் மகாவலியே. 2011 சனவரி மாத வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு வந்த வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அத்தகைய நாட்களில் நெல்மூடையையும் கன்றுகாலிகளையும், சில வேளைகளில் நோயாளரையும் முதியோரையும் கரைசேர்ப்பது வள்ளமே. 2009 ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பின்னர் மட்டக்களப்பு வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தபின், நாளாந்தப் போக்குவரத்துக்கு வள்ளத்தின் தேவை குறைந்தது. இது நன்மையே. எனினும் அதனோடு ஒரு தீமையும் வந்தது. கமக்காரர் வைத்திருக்கும் எஞ்சின் மாதக்கணக்காகச் சும்மா கிடக்கின்றது. வெள்ளம் வாசலுக்கு வந்த அன்று அதனை இறக்கிப் பூட்டினால், அன்றுதான் அது கிளம்ப மறுக்கின்றது. பற்றரியிலிருந்து தீப்பொறி பெறும் எஞ்சினாயின், மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பற்றரியும் அதன் இணைப்புக்களுமே. அவற்றைச் சோதிக்கும் முறையை இங்கே கூறுவோம். இதே முறை, பற்றரியினால் எரிபற்றும் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

உங்கள் எஞ்சின் எவ்வகையது?

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உரிய கணத்திற் பற்றவைப்பது தீப்பொறி. அப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் இரு வழிகளில் வரலாம். ஒன்று, எஞ்சினின் பறப்புச் சில்லிலுள்ள காந்தம் சுழலும்போது தானே மின்சாரத்தை உண்டாக்கும் மக்னீற்றோ முறை. மற்றையது, பற்றரியிலிருந்து மின்சாரத்தைப் பெற்று அதனைச் சுருளின் மூலம் உயர்த்தும் முறை.

பற்றரி முறை புதியது என்று எண்ணுதல் தவறு. 1909 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கழற்றிப் பூட்டும் படகெஞ்சின், பற்றரியிலிருந்தே தீப்பொறி பெற்றது. அதே காலத்தில் டேற்றன் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் கெற்றறிங் என்பவர் அமைத்த பற்றரிச் சுருள் முறை கடிலாக் மோட்டார் வண்டிகளிற் பூட்டப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. நம் தந்தையர் காலத்து பேர்கூசன் ரி.ஈ. 20 உழவு இயந்திரத்தின் பெற்றோல், மண்ணெண்ணெய் வகைகளும் இம்முறையையே கொண்டிருந்தன. ஆனாற் சிறிய படகெஞ்சின்களில் மக்னீற்றோவே விரைவில் இடம்பிடித்தது. கயிற்றால் இழுத்துக் கிளப்பும் சிறிய மண்ணெண்ணெய் எஞ்சின்கள் இன்றும் பெரும்பாலும் மக்னீற்றோ வகையின. ஸ்ராற்றர் மோட்டர் பூட்டிய பழைய பெரிய எஞ்சின்கள் சிலவும், இக்காலத்து நான்கடிப்பு எஞ்சின்கள் பலவும் பற்றரியை நம்பியுள்ளன.

வள்ளத்திற் பற்றரி இருப்பதனால் மட்டும் தீப்பொறி அதிலிருந்தே வருகின்றது என்று முடிவு செய்யலாகாது. சில எஞ்சின்களிற் பற்றரி ஸ்ராற்றருக்கும் விளக்குக்கும் மட்டுமே. ஐயமிருப்பின் எஞ்சின் நின்றிருக்கும்போது பற்றரியின் இரு வயர்களையும் கழற்றிவிட்டு, கயிற்றால் இழுத்துப் பொறியைப் பார்க்க. பொறி வருமாயின் அது மக்னீற்றோ; இப்பிரசுரத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாது. பற்றரி வகையாயின், பற்றரி செத்திருக்கும்போது எவ்வளவு பலங்கொண்டு கயிற்றை இழுப்பினும் எஞ்சின் கிளம்பாது. தோள் வலிப்பதே மிச்சம்.

மின்சாரம் செல்லும் பாதை

பற்றரியின் 12 வோல்ற்று மின்சாரம் முதலில் உருகியையும், பின்னர் திறப்புச் சுவிச்சையும் கடக்கின்றது. அங்கிருந்து கொயில் எனப்படும் சுருளை அடைகின்றது. கொயிலினுள்ளே இரு சுற்றுக்கள் உள. தடித்த கம்பியிலான முதற்சுற்றிற் சில நூறு சுற்றுக்களும், மயிரிழை போன்ற கம்பியிலான இரண்டாஞ் சுற்றிற் பல ஆயிரம் சுற்றுக்களும் இருக்கும். முதற்சுற்றைக் கடந்த மின்சாரம், பொயின்ற் எனப்படும் தொடுமுனைகள் வழியாக எஞ்சினின் உடலுக்குச் சென்று, கறுப்பு வயரினூடே பற்றரிக்குத் திரும்புகின்றது. தொடுமுனைகள் ஒட்டியிருக்கும்போது கொயில் காந்தமாகின்றது. அவை சட்டென விலகும்போது காந்தவிசை குலைந்து, இரண்டாஞ் சுற்றிற் பத்தாயிரம் வோல்ற்றுக்கும் மேற்பட்ட அழுத்தம் பிறக்கின்றது. அதுவே பிளக்கின் முனையிற் பொறியாகப் பாய்கின்றது. தொடுமுனைகள் விலகும் இடத்திலேயே பொறி பறந்து அவை எரிந்துபோகாது காப்பது, அருகே பூட்டப்பட்டிருக்கும் கொண்டென்சர் என்னும் சிறு உருளை.

புதிய எஞ்சின்களிற் தொடுமுனைகளும் கொண்டென்சரும் இல்லை. அவற்றின் வேலையை ஒரு மூடிய மின்னணுப் பெட்டி செய்கின்றது. ஆயினும் பற்றரி, உருகி, சுவிச்சு, கொயில், பிளக் என்னும் பாதை மாறவில்லை.

இப்பாதையை மனத்தில் இருத்தினால் வீண்செலவு பெரிதும் குறையும். ஒரு கமக்காரர் விடியுமுன் கத்தரியும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பப் பார்க்கின்றார் எனக் கொள்வோம். எஞ்சின் சுழல்கின்றது, பற்றவில்லை. அயலவர் ஒருவர் பிளக்கை மாற்றச் சொல்கின்றார். மாற்றியும் பயனில்லை. இன்னொருவர் கொயில் எரிந்துவிட்டது என்கின்றார். புதுக் கொயில் வாங்கப் பட்டினத்துக்கு ஒரு நாள் பயணம். அதைப் பூட்டியும் எஞ்சின் கிளம்பவில்லை. ஈற்றிற் பற்றரி முனையிலுள்ள சுரை தளர்ந்து, அதன் அடியில் வெண்பூ படிந்திருந்தமை தெரியவருகின்றது. அதற்குள் கத்தரிக்காய் வாடிவிட்டது. கொயிலின் விலையோ கடைக்குப் போய்விட்டது. மின்சாரச் சாமான்களை விற்றபின் திரும்பப் பெறும் கடைகள் அரிது. பாதையின் கடைசியிலுள்ள பொருளை முதலில் மாற்றியதே இங்கு நேர்ந்த பிழை.

முதற் சோதனை: பொறி உண்டா?

கருவி எதையும் தொடுமுன் மூன்று காரியங்களைப் பார்த்தல் நலம். எஞ்சினை அவசரத்தில் நிறுத்துவதற்காக ஓட்டுபவரின் உடலிற் கட்டும் சிவப்புக் கயிறும் அதன் கொளுவியும் உரிய இடத்தில் உள்ளனவா? கொளுவி விலகியிருந்தால் எரிபற்றல் நிறுத்தப்பட்டிருக்கும்; பொறி வராது. மாதக்கணக்காகக் கிடந்த எஞ்சினிற் பிள்ளைகள் இக்கொளுவியைக் கழற்றி விளையாடியிருத்தலும் கூடும். அடுத்து, கியர் நடுநிலையில் உள்ளதா? இல்லையெனிற் பல எஞ்சின்களில் ஸ்ராற்றர் சுழலாது. மூன்றாவது, தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகாணி திறந்துள்ளதா? அது மூடியிருப்பின் எஞ்சின் கிளம்பிச் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடும். பழி எரிபற்றலின்மேல் விழும்.

இனிப் பிளக்கைக் கழற்றுக. அதன் முனை பெற்றோலால் நனைந்திருந்தால் எரிபொருள் வருகின்றது. குறை பொறியிலேயே இருத்தல் கூடும். காய்ந்திருந்தால் எரிபொருட் பக்கத்தை முதலிற் பார்க்கவேண்டும். பிளக்கை அதன் வயரிலே மீண்டும் பூட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சினின் வெற்றுலோகத்தை நன்கு தொடும்படி வைத்து, எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க. வெயிலிற் பொறி தெரியாது. சாக்கினால் நிழல் செய்து பார்த்தல் வேண்டும். நீலநிறமாகச் சடசடவென்று பாயும் பொறி நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக, இடையிடையே வரும் பொறி திறந்தவெளியிற் தோன்றினாலும் எஞ்சினின் உள்ளழுத்தத்தில் அணைந்துபோகும்.

இச்சோதனையில் எச்சரிக்கை மிக வேண்டும். பிளக் இருந்த துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி பீறிட்டு வரும். ஆதலின் பொறி பார்க்குமுன் எரிபொருட் குழாயைக் கழற்றி, தாங்கியை அப்பால் வைத்து, துவாரத்தை ஈரத்துணியால் மூடி, பிளக்கை அதற்கு எட்டவே வைக்கவேண்டும். வயரைக் கையாற் பிடித்தலாகாது. மின்னணுப் பெட்டி பூட்டிய எஞ்சினில், பிளக் வயரை ஒன்றோடும் தொடுக்காது அந்தரத்தில் விட்டுச் சுழற்றுதல் ஆகாது. உயர்ந்த அழுத்தம் வெளியேற வழியின்றிப் பெட்டியையோ கொயிலையோ உடைத்துவிடும்.

எஞ்சின் இரு சிலிண்டர் உடையதாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க. ஒன்றிற் பொறி வந்து மற்றையதில் வராவிடின், பற்றரியையும் திறப்புச் சுவிச்சையும் பழிக்க இடமில்லை. அவை இரண்டுக்கும் பொது. அந்தச் சிலிண்டருக்குரிய கொயில், வயர், பிளக் ஆகியவற்றிலேயே குறை உண்டு. இரண்டிலும் பொறி இல்லையெனின், இரண்டுக்கும் பொதுவான பாதையில், அதாவது பற்றரி, உருகி, சுவிச்சு, நிறுத்துங் கொளுவி, உடலோடு சேரும் வயர் என்பவற்றில் தேடவேண்டும். இவ்வொரு சோதனையே வேலையிற் பாதியைக் குறைத்துவிடும்.

பற்றரியும் அதன் முனைகளும்

பற்றரிக்கு உயிர் உண்டா என்று பார்க்கச் சிலர் இரு முனைகளையும் கம்பியாற் தொட்டுப் பொறி பறக்கவைப்பார்கள். இது பெருந்தவறு. மின்னேற்றும்போது பற்றரி வெளியிடும் ஐதரசன் வாயு எரியக்கூடியது. அது வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கலாம். மின்மானி ஒன்றினால் அளப்பதே முறை. ஓய்விலிருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவாக உள்ளது. 12.2 காட்டினால் ஏறக்குறைய அரைவாசி. 12க்குக் கீழே இறங்கினால் அது வெறும் பற்றரி எனவே கொள்க. "பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியில் பன்னிரண்டு காட்டுகின்றதே, குறை என்ன?" என்று கேட்போர் பலர். அவர்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஓய்வில் அளந்தது போதாது. எஞ்சினைச் சுழற்றும்போதும் அளக்கவேண்டும். ஸ்ராற்றர் மோட்டர் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். அந்நேரத்திற் பற்றரியின் அழுத்தம் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுமாயின், எஞ்சின் சுழன்றபோதிலும் கொயிலுக்குப் போதிய மின்சாரம் கிடையாது. சுழல்கின்றதே, ஆகவே பற்றரி நல்லது என்று முடிவு செய்வது அதனாற் பிழையாகின்றது.

இங்கு மின்மானி இல்லாதவரும் அறியத்தக்க இரு அடையாளங்கள் உண்டு. திறப்பைச் சுழற்றிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பற்றாமல், திறப்பை விடும் கணத்தில் ஒருமுறை பற்றுமாயின், பற்றரி பலவீனம் அல்லது அதன் இணைப்புத் தளர்வு. ஸ்ராற்றர் ஓய்ந்தவுடன் கொயிலுக்கு மின்சாரம் கிடைப்பதே இதற்குக் காரணம். இதற்கு மாறாக, சுழற்றும்போது பற்றிக்கொண்டு, திறப்பை விட்டவுடன் நின்றுவிடுமாயின், பற்றரி நல்லது. தடைக்கம்பி பூட்டிய கொயில்களில், கிளப்பும்போது மின்சாரம் ஒரு வழியாகவும் ஓடும்போது தடைக்கம்பியூடாக இன்னொரு வழியாகவும் செல்லும். பின்னைய வழி அறுந்திருக்கின்றது என்பதே இதன் பொருள்.

பற்றரி நன்றாயிருந்தும் மின்சாரம் செல்லாவிடின் இணைப்புக்களைப் பார்க்கவேண்டும். நம் பகுதியில் இவையே பெரும்பாலான கோளாறுக்கு உறைவிடம். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் கமக்காரர் தாமே வள்ளத்தில் ஏற்றுகின்றனர். யூரியா, அமோனியம் சல்பேற்று, மியூரியேற்று ஒவ் பொட்டாசு ஆகிய பசளைகள் ஈரத்தை இழுப்பன. மூடையிலிருந்து சிந்தியது பற்றரியின் அருகே கசிந்து நின்றால், பொட்டாசும் சல்பேற்றும் உப்புநீர் போலவே உலோகத்தை அரிக்கும். யூரியா சிதைந்து பிறக்கும் அமோனியாவோ செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். வயரின் உறை புதிதாகத் தோன்றினும், உள்ளே செம்பு பச்சையாகப் பொடிந்து கிடக்கும். ஆகவே பசளை மூடையையும் கிருமிநாசினி தெளிகருவியையும் முன்னணியத்திலும், பற்றரியை மூடியுள்ள பெட்டியிற் பின்னணியத்திலும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

முனைகளைக் கழற்றும்போது முதலிற் கறுப்பு, அதாவது எதிர்முனை வயரைக் கழற்றுக. பூட்டும்போது அதனையே கடைசியிற் பூட்டுக. வெண்பூவைச் சோடாத்தூள் கரைத்த வெந்நீரால் கழுவி, அரத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே கிறீஸ் பூசுக. கிறீசை முதலிற் பூசிப் பின் பூட்டுதல் முறையன்று. கையாற் திருகும் சிறகுச் சுரை வள்ளத்தின் அதிர்வில் தளரும். சாவியால் இறுக்கும் அறுகோணச் சுரையே ஏற்றது. கறுப்பு வயரின் மறுமுனை எஞ்சினின் உடலைச் சேரும் இடத்தையும் மறவாமல் சுத்தஞ்செய்க. பலரும் மறப்பது அவ்விடமே.

தளர்ந்த இணைப்பை மின்மானியாற் கண்டுபிடிக்க, எஞ்சினைச் சுழற்றும்போது பற்றரியின் ஈயமுனைக்கும் அதன்மேல் பூட்டிய கௌவிக்கும் இடையே அளக்க. நல்ல இணைப்பில் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. அரை வோல்ற்று, ஒரு வோல்ற்று எனக் காட்டினால் அவ்விடத்திலேயே மின்சாரம் வீணாகின்றது. மின்மானி இல்லாதவர் சிறிது நேரம் சுழற்றியபின் இணைப்புக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். சுடுவது எதுவோ அதுவே குற்றவாளி.

பற்றரியைத் திருப்பிப் பூட்டாதீர்கள். மேலே குறிப்பிட்ட பேர்கூசன் உழவு இயந்திரத்தில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அப்பழக்கத்திற் கைவந்த முதியோர் இக்காலத்துப் படகெஞ்சினில் அவ்வாறு பூட்டினால், மின்னணுப் பெட்டியும் மின்னேற்றும் பகுதியும் கணத்திற் கெட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றுதலும் அதே கேட்டைச் செய்யும்.

சோதனை விளக்கும் கொயிலும்

மோட்டார் சைக்கிளின் பக்கவிளக்குக் குமிழ் ஒன்று, அதற்கு இரண்டு முழ நீளமான இரு வயர்கள்: இவையிருந்தால் மிகுதிப் பாதையை முழுவதும் சோதிக்கலாம். தொடுமுனை வகை எஞ்சினுக்கே பின்வருவது பொருந்தும்.

விளக்கின் ஒரு வயரை எஞ்சினின் உடலோடு பிணைத்து, திறப்பைப் போட்டு, மற்றைய வயரைக் கொயிலுக்கு மின்சாரம் வந்து சேரும் முனையில் வைக்க. எரியாவிடின் உருகி, சுவிச்சு, இடைவயர் ஆகியவற்றைப் பின்னோக்கிச் சென்று பார்க்க. விளக்கு எரியும் இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவேதான் அறுப்பு உள்ளது. எரிந்தால் அடுத்ததாகக் கொயிலின் மறுமுனையில், அதாவது தொடுமுனைக்குச் செல்லும் முனையில் வைத்து, பறப்புச் சில்லைக் கையால் மெல்லத் திருப்புக. தொடுமுனைகள் விலகும்போது விளக்கு எரிந்து, ஒட்டும்போது அணையவேண்டும். இவ்வாறு எரிந்தணைந்தால் முதற்சுற்றும் தொடுமுனைகளும் ஒழுங்காக வேலைசெய்கின்றன. குறை இரண்டாஞ் சுற்றிலோ, தடித்த வயரிலோ, பிளக்கிலோ, கொண்டென்சரிலோ இருக்கும்.

எப்போதும் எரிந்தபடியே இருந்தால் தொடுமுனைகள் ஒட்டவில்லை. அழுக்குப் படிந்திருக்கலாம், இடைவெளி மிகுந்திருக்கலாம். எப்போதும் எரியாவிடின் இரு காரணங்கள் கூடும். தொடுமுனைக்குச் செல்லும் வயரைக் கொயிலிலிருந்து கழற்றிவிட்டு, விளக்கை மீண்டும் அம்முனையில் வைக்க. இப்போது எரியுமாயின் கொயில் நல்லது. தொடுமுனை விலகாதிருக்கின்றது, அல்லது கொண்டென்சரோ வயரோ உடலோடு முட்டியிருக்கின்றது. இப்போதும் எரியாவிடிற் கொயிலின் முதற்சுற்று அறுந்துள்ளது. புதுக் கொயில் வாங்குவதற்கு இதுவே தக்க சான்று.

தொடுமுனைகளை மெல்லிய அரத்தாற் தேய்த்து, பின்னர் சுத்தமான தடித்த கடதாசியை இடையே வைத்து இழுத்துத் துடைக்க. அரத்தாளின் மணல் இடையே தங்கினால் முன்னையதிலும் கேடாகும். இடைவெளியை எஞ்சினின் கைந்நூலிற் கண்டபடி வைக்கவேண்டும். பொதுவாக அது அரை மில்லிமீற்றருக்குச் சற்று உட்பட்டிருக்கும். தேய்த்துச் சில நாட்களிலேயே மீண்டும் எரிந்து குழிவிழுந்தால், தொடுமுனையை மாற்றுவதிற் பயனில்லை, கொண்டென்சரை மாற்றுக.

எஞ்சின் அரைமணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியபின் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பினால், கொயிலையோ கொண்டென்சரையோ ஐயுறலாம். ஆறிய கொயிலை அளந்து நல்லது என்று கூறுதல் பயனற்றது. நின்றவுடன் சூடாயிருக்கும்போதே பொறியைப் பார்க்கவேண்டும். பொறி அப்போதும் நன்றாயின் மேலே கூறிய தாங்கியின் காற்றுத் திருகாணிக்கே திரும்பிச் செல்க.

தடித்த வயரில் வெடிப்பு இருந்தால், இரவில் எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்து எட்ட நின்று பார்க்கும்போது, வெடித்த இடத்திலிருந்து உடலுக்குப் பொறி தாவுவது தெரியும். பகலில் இதனைக் காணல் அரிது.

மின்னணுப் பெட்டி பூட்டிய எஞ்சினில் கமக்காரர் செய்யத்தக்கது பற்றரி, இணைப்பு, உருகி, நிறுத்துங் கொளுவி, பிளக் என்னும் அளவோடு நிற்கின்றது. அவ்வைந்தும் சரியாயிருந்தும் பொறி வராவிடின் பெட்டியைத் திறக்க முயலாது, பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் கொண்டுசெல்க. செல்லும்போது மேற்கண்ட சோதனைகளின் பெறுபேற்றைச் சொன்னால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதும் கிடக்கும்போதும்

எஞ்சின் கிளம்பியபின் பற்றரியின் அழுத்தத்தை ஒருமுறை அளந்துகொள்க. மிதமான வேகத்தில் 13.5க்கும் 14.5க்கும் இடையே காட்டினால் மின்னேறுகின்றது. 12.3 என்று அசையாது நின்றால் ஏறவில்லை. எஞ்சின் பற்றரியைத் தின்றே ஓடுகின்றது. தொடுமுனை வகைக் கொயில் ஏறக்குறைய 4 அம்பியர் இழுக்கும் எனக் கொண்டால், 40 அம்பியர்மணிப் பற்றரியின் பாதியளவு ஐந்து மணித்தியாலத்திற் தீர்ந்துவிடும். வெருகலுக்குச் சென்று திரும்பும் வழியில் எஞ்சின் இடைமுறிந்து, பின் கிளம்பாமற் போவது இவ்வாறே. எஞ்சின் நின்றபின் திறப்பைப் போட்டபடி விடுதலும் ஆகாது, தொடுமுனைகள் ஒட்டிய நிலையில் நின்றிருந்தாற் கொயில் சூடேறி எரியும், பற்றரியும் வடிந்துபோகும்.

சிறுபோகம் முழுவதும் எஞ்சின் கிடப்பதாயின், பற்றரியைக் கழற்றி வீட்டில் நிழலான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றுதல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்திற் பற்றரி தானாகவே விரைந்து வடியும். வடிந்தபடியே சில மாதம் கிடந்தால் தகடுகளிற் சல்பேற்று உறைந்து, பின் எவ்வளவு ஏற்றினும் மின்சாரத்தைப் பிடித்துவைக்காது. நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் தகடுகள் மூழ்கும்வரை காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீர் ஆகாது, அமிலமும் ஊற்றலாகாது.

புரட்டாதி கழியுமுன், பெரும்போக விதைப்புக்கு முந்திய நாட்களில் ஒருநாள் எஞ்சினை வாய்க்காலுக்குக் கொண்டுசென்று நீரில் அமிழ்த்திக் கிளப்பிப் பார்க்க. நீரின்றி வெறுமனே ஓடவிட்டால் குளிரூட்டும் நீர்ப்பம்பி கருகிவிடும். அன்று கண்ட குறையைத் திருத்த அவகாசம் உண்டு. வள்ளத்தோடு என்றும் செல்லவேண்டிய சிறு பெட்டியில், இரண்டு புதுப் பிளக், அதே அம்பியர் அளவுள்ள இரண்டு உருகி, சோதனை விளக்கு, அரத்தாள் ஒரு துண்டு, பிளக் சாவி, பற்றரிச் சுரைக்கு ஏற்ற சாவி, நிறுத்துங் கொளுவி மேலதிகமாக ஒன்று ஆகியவற்றை வைத்து, நீர் புகாதபடி பொலித்தீனிற் சுற்றிவைக்க.